ரம்லா தைத்த படங்கு

ரம்லா என்ற பெயரை நான் முதலில் கேட்டது, கருவாட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த பாவாவின் வாயிலிருந்து. வெள்ளைக்காரன் இலங்கையைக் கொடுத்துவிட்டுப் போன வருஷம் அது. பாவா எங்கள் உம்மாவின் சாச்சி மகளைக் கட்டியவர். கினிகத்தேனையில் கருவாட்டு வியாபாரம். ரயிலில் மூட்டை கொண்டு வந்தால் வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த எங்கள் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்.

எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நான். எனக்கு அடுத்தவன் ஹமீத், கடைசி சரிபுதீன். என்னைக் கட்டியவர் சீக்கிரமே மௌத்தாகிவிட்டதால் நான் ஹமீதோடு இருந்தேன். ஹமீதின் முதல் பெண்சாதி பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள். அவனுக்கு அப்போது நாற்பது வயது. மறுபடி ஒரு பெண் பார்க்கச் சொல்லி நான்தான் பாவாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"பிள்ள பேரு ரம்லா. பதினெட்டு வயசு. வாப்பா இல்ல, உம்மா மட்டுந்தான்," என்றார் பாவா.

"ஓதத் தெரியுமா?"

"ஓதி முடிச்ச பிள்ள. அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு ராத்தா. மெஷின் ஓட்டும்."

"மெஷின் என்னத்துக்கு நமக்கு? அடுப்பு ஊதுமா?"

"அதையும் ஊதும். ஒரு காலால மெஷின மிதிச்சுக்கிட்டே ஊதும்," என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே பேச்சு முடிவானது.

அவள் வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு தையல் மெஷினும் வந்தன. மெஷினைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், ஜன்னலோரம் போட்டோம். கடைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு திரை. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பக்கம் போவது கிடையாது. அவளும் போகவில்லை. திரைக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடை அப்போது சின்னது. சீத்தைத் துணி, ஆம்பளைகள் இடுப்பில் கட்டுகிற சாரம், மழைக்குத் தலையில் போடுகிற கம்பளி, அவ்வளவுதான். ஹமீத் நல்லவன். ஆனால் வியாபாரத்தில் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி. வந்த ஆறாவது மாதமே ரம்லா அதைப் பிடித்துக்கொண்டாள். கொழும்பிலிருந்து துணிக்காரர் வந்து விலை சொன்னால், திரைக்குப் பின்னால் ஒரு செம்பு கிணுங்கும். ஹமீத் "தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று உள்ளே வருவான். அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய் அப்படியே சொல்வான்.

ஒருநாள் அந்தத் துணிக்காரர் சத்தமாகவே கேட்டார். "என்ன முதலாளி, மணிக்கு மூணு தரம் தாகம் எடுக்குது? சீனி வருத்தமா?"

ஹமீத் வெட்கப்பட்டான். உள்ளே ரம்லா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் மொத்தத்தில் நாலைந்து தரந்தான் பார்த்திருக்கிறேன். அதில் அதுவும் ஒன்று.

கடை பெருத்தது படங்கினால். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முன்பக்கம் ஒரு முரட்டுத் துணி கட்டிக்கொள்வார்கள். அதுதான் படங்கு. தேயிலைச் செடியின் வாது கிழிக்காமலும் பனியும் மழையும் ஏறாமலும் இருக்க. அந்த நாளில் பழைய சாக்கைத்தான் கட்டினார்கள். சாக்கு தண்ணீரைக் குடித்துவிட்டுப் பகல் முழுக்கக் காலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

சின்னக்காட்டுத் தோட்டத்திலிருந்து பேச்சியம்மா என்று ஒருத்தி வருவாள். வாய் சும்மா இருக்காது. பின்வாசல் வழியாக வந்து அடுப்படியில் குந்திக்கொண்டுதான் துணி பார்ப்பாள். ரம்லா அவளுடைய முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். தோல் ஊறி வெளுத்து, வெடித்துக் கிடந்தது.

"பேச்சியக்கா, இது அட்டை கடிச்சதா?"

"அட்டை கடிச்சா ரத்தம் வரும் ரம்லாம்மா. இது சாக்கு கடிச்சது."

ரம்லா லாரிக்குப் போடுகிற தார்ப்பாய்த் துணியில் ஒரு படங்கு தைத்தாள். முதலில் தைத்தது சரியாக வரவில்லை. மேலே விழுந்த தண்ணீரெல்லாம் வழிந்து நேரே காலில் ஊற்றியது. பேச்சியம்மா அதைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் விறைப்பாக நின்றாள்.

"இதக் கட்டிக்கிட்டு மலையில நின்னா, வேலை பாக்க வாற கண்டாக்கையா என்னைய மாடசாமின்னு நெனச்சுத் தேங்கா ஒடச்சிட்டுப் போயிருவாரு."

ரம்லா அவளை அப்படியே நிற்கவைத்து, ஒரு குடம் தண்ணீரை இடுப்பிலிருந்து ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். அடுப்படியெல்லாம் வெள்ளம். நான் ஏசினேன். அவள் காதில் வாங்கவில்லை. மூன்று நாள் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கடைசியில் கீழோரத்தை ஒரு பக்கமாகச் சரித்து வெட்டி, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு ஓடவிட்டாள். மேலிருந்து வருகிற தண்ணீர் அந்த மடிப்பில் வாய்க்கால் மாதிரி ஓடி, பக்கத்தில் போய் விழுந்தது. காலில் விழவில்லை.

பேச்சியம்மா அதைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த வாரமே அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஏழு பெண்கள் வந்தார்கள். அடுத்த மழைக்குப் பின்வாசலில் செருப்பில்லாத கால்களின் சேறு காயவே இல்லை. இன்னும் இரண்டு மெஷின் வாங்கினோம். ரஸீனாவும் ராசம்மாவும் தைக்க வந்தார்கள். துணி எந்தப் பக்கம் இழுக்கும், எந்தத் தையல் தண்ணீரில் விடும் என்று ரம்லா தொட்டே சொல்வாள். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கத்தரி போடுவார்கள்.

ஹமீத் கடைக்குப் பெரிய பலகை எழுதினான். "ஹமீத் அன் பிரதர்". சரிபுதீன் அப்போது கினிகத்தேனையில் பாவாவோடு கருவாடு விற்றுக்கொண்டிருந்தான். எங்கள் கடை வாசலை அவன் மிதித்தே வருஷம் இரண்டாகியிருந்தது.

"தம்பி பேரு எதுக்குங்க?" என்று ரம்லா கேட்டாள்.

"ரெண்டு ஆம்பளன்னு இருந்தா கடை பெருசாத் தெரியும்."

 பலகை ஏறிவிட்டது.

பிறகு ஒரு தரம் சின்னக்காட்டுப் பெரிய துரை, பெண்கள் கட்டியிருந்த படங்கைப் பார்த்துவிட்டு, கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஹமீத் கோட்டுப் போட்டுக்கொண்டு போனான். துரையே மடிப்பைத் தடவிப் பார்த்தாராம். யார் தைத்தது என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று நான் கேட்டேன்.

"நம்ம டெய்லர்னு சொன்னேன் ராத்தா. வேற என்ன சொல்றது? வீட்டுப் பொம்பளைன்னு துரைக்கிட்ட சொல்ல ஏலுமா?"

ரம்லா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலையில் போட்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஜனவரி கடைசியில், சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய ஹமீத் நெஞ்சு நோகிறது என்று படுத்தான். டாக்டர் வருவதற்குள் போய்விட்டான். பிள்ளை இல்லை. ரம்லாவுக்கு அப்போது இருபத்தேழு வயது.

இத்தா இருக்க உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தானால் எங்களில் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பார்கள். வெள்ளை உடுப்பு. அந்நிய ஆண் முகம் பார்ப்பதில்லை. புருஷனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியன்தான். அதனால் கடையைப் பார்க்கிறேன் என்று சரிபுதீன் வந்தபோது, அவன் திரைக்கு அந்தப்பக்கம், அவள் இந்தப்பக்கம், நடுவில் நான். இரண்டு பேருக்கும் நான்தான் வாய். அவள் சொல்வதை அவனிடம் சொல்வேன். அவன் சொல்வதை அவளிடம் சொல்வேன்.

ஆனால் பெண்கள் வரத் தடையில்லையே. தோட்டத்துப் பெண்கள் பின்வாசலால் துக்கம் கேட்க வந்தார்கள். துக்கம் கேட்டுவிட்டுப் படங்கும் கேட்டார்கள். ரம்லா வெள்ளைச் சேலையோடு மெஷினில் உட்கார்ந்தாள். முன்கடையில் சரிபுதீன் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன ராத்தா இது, முன்வாசல்ல எலி ஓடுது, பின்வாசல்ல திருவிழா நடக்குது?" என்றான்.

"வாறவளுக வாறாளுக."

"ஊர் என்ன சொல்லும்? இத்தாவுல ஒரு பொம்பள ஏவாரம் பண்றான்னு சொல்லாதா?"

அதை நான் ரம்லாவிடம் சொன்னேன். "தைக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாப்புல இருக்குன்னு கேளுங்க மச்சி," என்றாள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

மே மாதம் மழை பிடித்தது. அப்போதுதான் பேச்சியம்மா அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். இனிமேல் பெண்கள் தனித்தனியாகப் படங்கு வாங்க வேண்டாம். தோட்டமே எல்லாப் பேருக்கும் வாங்கிக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அடுத்த நாளே பெரிய கிளாக்கரிடமிருந்து கடைக்குக் காகிதமும் வந்தது. கடை முதலாளி புதன்கிழமை காலை தோட்ட ஆபீசுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். யார் பெயரில் கையெழுத்தோ அவரோடுதான் தோட்டம் இனிக் கொடுக்கல் வாங்கல் செய்யும்.

காகிதத்தை ராசம்மா வாசித்தாள். ரம்லா இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். கடை இருந்த கட்டடம் வாடகை. ஹமீத் வைத்துவிட்டுப் போனது கொஞ்சம் துணிதான். மற்றபடி கடை என்றால் அந்தப் படங்குதான், படங்கு என்றால் சின்னக்காட்டுத் தோட்டந்தான். அது எனக்கே விளங்கியது.

புதன்கிழமைக்கும் இத்தா முடிவதற்கும் நடுவில் பதினோரு நாள் இருந்தது.

"மச்சி, நான் போறேன்," என்றாள் ரம்லா. "வாடகைக் கார் புடிச்சு, முகத்த மூடிக்கிட்டு, நீங்களும் கூட வாங்க. பகல்ல போயிட்டுப் பொழுது சாய முந்தி வந்திரலாம். முடையான காரியத்துக்குப் பகல்ல போகலாம்னு எங்க உம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். லெப்பைக்கிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. அவர் கூடாதுன்னா நான் போகல்ல."

தொழுகை நடத்துகிற லெப்பை பள்ளிவாசலில் இருந்தார். அவரிடம் போய்க் கேட்க எங்கள் வீட்டில் சரிபுதீனைத் தவிர ஆண் இல்லை. நான் திரையைத் தாண்டிப் போய் அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தான்.

"சரி, கேட்டுட்டு வாறேன்," என்றான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் கூரை கண்ணுக்குத் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனான். பள்ளிக்குப் போய்வர அரை மணித்தியாலம் ஆகும். அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தான்.

"கூடாதுன்னுட்டாரு," என்றான். "பாவம்னாரு. வீட்டு ஆம்பள இருக்கக்குள்ள பொம்பள எதுக்கு வெளிய வரணும்னு கேட்டாரு."

குடையைச் சுவரில் சாத்தினான். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அவனுடைய சாரமும் காய்ந்துதான் இருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைத் தாழ்வாரத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். அந்தத் தாழ்வாரமும் எங்கள் தாழ்வாரமும் ஒட்டினது.

நான் அதைப் பார்த்தேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்தான்.

நான் உள்ளே வந்து, "கூடாதுன்னுட்டாராம்," என்றேன்.

"மச்சி, நீங்க ஒரு எட்டு லெப்பை வீட்டுக்குப் போய், அவர் பொண்டாட்டிக்கிட்ட சொல்லிக் கேட்டுட்டு வாறீங்களா? ஆம்பளைங்க பேச்சுல ஒரு வார்த்த விட்டுப் போயிருக்கும்."

"மழையா இருக்கு," என்றேன். "எனக்கு முழங்கால் ஏலாது."

அவள் என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு எழும்பி, நல்லதாக ஒரு படங்கை எடுத்து, மடிப்பு கசங்காமல் காகிதத்தில் சுற்றினாள். "ரம்லா ஹமீத் சார்பிலன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. மடிப்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்க. துரைக்கு அது தெரியும்." அதை நான் சொன்னேன். சரிபுதீன் தலையாட்டினான்.

புதன்கிழமை அவன் போனான். கையெழுத்துப் போட்டான். அவன் பெயரைத்தான் போட்டான். "பலகையில என் பேருதானே இருக்கு? கிளாக்கர் அதத்தான் கேட்டாரு," என்றான்.

பதினோரு நாள் போனது. இத்தா முடிந்த அன்று நான் அவளுக்குத் தண்ணீர் வார்த்தேன். லெப்பை வந்து துஆ ஓதினார். ஓதி முடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது, திரைக்கு இந்தப்பக்கம் இருந்து ரம்லா சலாம் சொன்னாள்.

"சிரமப்பட்டு இருந்திட்டீங்க பிள்ள. அல்லா பொருந்திக்குவான்," என்றார் லெப்பை. "தோட்டத்துல ஏதோ காயிதம் விசயம் வந்திச்சாமே. அது முடிஞ்சு போனப் பொறவுதான் என் காதுக்கு வந்திச்சு. அன்னைக்கே கேட்டிருந்தா, மூடிக்கிட்டுப் பகல்ல போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். அதுக்கு மார்க்கத்துல எடம் இருக்கு."

சரிபுதீன் கடையில் துணி அளந்துகொண்டிருந்தான். அளந்துகொண்டே இருந்தான்.

ரம்லா என்னிடம் திரும்பினாள். "மச்சி, அன்னைக்கி மழை பெஞ்சுதே?"

"பெஞ்சது."

அவ்வளவுதான் கேட்டாள். குடையை வைக்கிற மூலையைப் பார்த்தாள். அப்போது அங்கே குடை இல்லை.

மறுநாள் அவள் தோட்ட ஆபீசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அன்றைக்கு என் முழங்கால் நடந்தது. பெரிய கிளாக்கர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார்.

"முதலாளிக்கு ஏதும் சொகமில்லியா? நீங்க வந்திருக்கீங்க?"

"நாந்தான் முதலாளி," என்றாள் ரம்லா.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்துக் காட்டினார். "இதில சரிபுதீன்னு இருக்கேம்மா. அவங்களே வந்து மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஏதும் குடும்பப் பிரச்சினைன்னா அத வீட்டுல பேசித் தீத்துக்கங்க. இது தோட்டத்து ஆபீஸ்."

நாங்கள் இறங்கி வந்தோம்.

அந்த வருஷமே அவள் வட்டவளையில் ஒரு சின்ன அறை வாடகைக்குப் பார்த்தாள். கட்டடக்காரர் சிங்கள முதலாளி. கதவைத் திறந்து அறையைக் காட்டினார். ரம்லா சுவரைத் தட்டிப் பார்த்து, மெஷின் எங்கே போடுவது என்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "மஹத்தயா கோ?" என்று கேட்டார். ஐயா எங்கே என்று. ஐயா இல்லை என்றாள். அவர் கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

கினிகத்தேனைக்கு உம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அந்த உம்மாவும் அதற்கு முந்தின வருஷமே மௌத்து. மறுபடி கலியாணம் பேசிப் பாவா இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்கு முன்னால் தோட்டத்துக்கு முந்நூறு படங்கு கொடுக்க வேண்டும் என்று சரிபுதீனுக்குத் தலை போகிற அவசரம். ரஸீனாவும் ராசம்மாவும் தைப்பார்கள், ஆனால் ரம்லா பக்கத்தில் இல்லாமல் வெட்டத் தெரியாது. ஒருநாள் காலை ரம்லா வந்து மெஷினில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை ரஸீனாவுக்கும் ராசம்மாவுக்கும் கூலி கொடுத்தபோது சரிபுதீன் மூன்றாவதாகவும் ஒரு கூலியை என் கையில் கொடுத்தான். நான் கொண்டுபோய் மெஷின் மேல் வைத்தேன்.

அடுத்த வருஷம் அவன் திரைக்கு அந்தப்பக்கமிருந்து சொன்னான். "அந்த மடிப்பு வேண்டாம். துணி வீணாகுது. நேரே வெட்டித் தைக்கச் சொல்லுங்க ராத்தா."

நான் சொன்னேன். ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன். அவள் துணியைத் திருப்பிப் போட்டு, நேரே வெட்டினாள்.

ஆடி மழையில் பேச்சியம்மா வந்தாள். பின்வாசலால் வந்து, அடுப்படியில் குந்தாமல், நேரே மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். பழையபடி ஊறி வெளுத்திருந்தது.

"என்ன ரம்லாம்மா, மடிப்பக் காணோம்? என் காலுக்குத்தானே மூணு நாளு தண்ணி ஊத்தித் தச்சீங்க?"

ரம்லா மெஷினை நிறுத்தவில்லை.

"மொதலாளிக்கிட்ட கேளுங்க பேச்சியக்கா."

"நீங்கதானே மொதலாளி?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சியம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சேலையை இறக்கிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சின்னக்காட்டில் இருந்து யாரும் பின்வாசலுக்கு வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. படங்கு தோட்டத்திலேயே கிடைக்கிறது.

இப்போது அறுபத்தைந்தாம் வருஷம். சரிபுதீன் கடைப் பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதியிருக்கிறான். அவனுக்கு மகன்கள் இரண்டு பேர், கடையில் நிற்கிறார்கள். நான் மேல்வீட்டில் இருக்கிறேன். என்னை நன்றாகத்தான் பார்க்கிறான். மெஷின்கள் ஆறாகிவிட்டன. திரையை எடுத்துவிட்டு நடுவில் பலகை அடித்திருக்கிறார்கள்.

ரம்லா அந்தப் பின்னறையில்தான் இருக்கிறாள். ஜன்னலோரத்து மெஷின். காலை எட்டு மணிக்கு உட்காருவாள், அஞ்சு மணிக்கு எழும்புவாள்.